டூசானைச் சுற்றிக் காட்டப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகருக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து சேரும் நம் பிள்ளைகளுக்கு ஓராண்டுக்குள் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. ஊரிலிருந்து அம்மா அப்பா வருவார்கள். மாமனார் மாமியார் வருவார்கள். கலிபோர்னியாவில் இருக்கும் நண்பன் குடும்பத்தோடு வந்து நிற்பான். எல்லோருக்கும் ஊரைக் காட்டியாக வேண்டும். பலரும் ஒரு கள்ளியின் முன்னால் நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, ஒரு மாலுக்கும் இந்தியக் கடைக்கும் கூட்டிப் போய்விட்டு, மறுநாள் காலை கிராண்ட் கேன்யனுக்குக் காரைக் கிளப்பிவிடுகிறார்கள். "டூசானில் என்ன இருக்கிறது, வெறும் பொட்டல்" என்ற பேச்சு அப்படித்தான் கிளம்புகிறது. நெடுநாளாக இங்கே இருப்பவன், வருகிறவர்களோடு அலைவதில் சலிப்பில்லாதவன் என்ற உரிமையில், தம்பி தங்கைகளுக்குச் சில சொல்லி வைக்கிறேன். இந்த ஊரில் எதைக் காட்டினாலும் அதன் பின்னால் தண்ணீரின் கதை ஒன்று இருக்கும். அதைச் சொல்லாமல் காட்டினால் எதுவும் விளங்காது.

1. முதலில் வெயிலைப் பற்றிப் பேசிவிடுங்கள். "வேலூர் வெயிலையே பார்த்தாச்சு, இது என்ன" என்று அப்பா சொல்வார். வேலூரில் வியர்த்துக் கொட்டும், உடம்பே எச்சரித்துவிடும். இங்கே ஜூன் மாதப் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போகும். வியர்வை கண்ணுக்குத் தெரியுமுன்பே உலர்ந்துவிடும். சட்டை நனையாததால் ஒன்றுமில்லை என்று தோன்றும். தலைவலியும் கிறுகிறுப்பும் வரும்போது உடம்பில் நீர் ஏற்கெனவே வற்றியிருக்கும். தாகம் எடுக்குமுன் குடிக்க வையுங்கள். உப்புப் போட்ட மோர் என்றால் இன்னும் நல்லது. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஜூனில் 38 டிகிரி செல்சியஸ் என்பது இங்கே சாதாரணம். 1990 ஜூன் 26 அன்று 47 டிகிரியைத் தொட்டது. கோடையில் காலை ஒன்பது மணிக்கு மேல் பெரியவர்களை எந்த மலைப்பாதையிலும் நடக்க விடாதீர்கள்.

அதே ஊரில் ஜனவரி இரவு நாலைந்து டிகிரிக்கு இறங்கும். பாலைவனத்துக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய. இன்னொன்று, அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கும்போது அரிசோனா அதைச் செய்வதில்லை. சாயங்கால வெயிலை இன்னும் ஒரு மணி நேரம் நீட்டிக்கொள்ள இங்கே யாருக்கும் ஆசை இல்லை. ஆண்டு முழுவதும் இந்தியாவுக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். ஊருக்குப் போன் செய்ய இது ஒரு சௌகரியம்.

2. அதிகாலையில் ஒரு குன்றில் ஏற்றி ஊரைக் காட்டுங்கள். நகரின் மேற்கே சென்டினல் பீக் இருக்கிறது. பல்கலைக்கழக மாணவர்கள் 1915-இல் அதன் சரிவில் கல்லால் பெரிய 'ஏ' எழுத்தை அமைத்ததிலிருந்து எல்லோருக்கும் அது 'ஏ' மலை. மேலே வரை கார் போகும். வடக்கே சாண்டா கட்டாலினா, கிழக்கே ரிங்கான், தெற்கே சாண்டா ரீட்டா, மேற்கே டூசான் மலைகள் என்று நாலு பக்கமும் மலை. நடுவே சுமார் 2,400 அடி உயரத்தில் ஊர். இதைப் பார்த்தபின் திசை தெரியாமல் யாரும் தவிக்க மாட்டார்கள்.

பிறகு காலடியில் கிடக்கும் மணல் கோட்டைக் காட்டுங்கள். அதுதான் சாண்டா குரூஸ் ஆறு. பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இது அதிர்ச்சி தராது. ஒரு காலத்தில் இந்தக் கருங்குன்றின் அடியில் ஆண்டு முழுவதும் நீர் ஓடியது. மக்கள் இங்கே குடியேறியதற்குக் காரணமே அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த வெள்ளங்கள் ஆற்றை ஆழமாக அறுத்தன. அதற்குப் பின் வந்த மோட்டார்கள் நிலத்தடி நீரை உறிஞ்சின. ஆறு அடங்கிவிட்டது. 2019 முதல் சுத்திகரித்த கழிவுநீரை நகரத்துக்கு அருகே விடுகிறார்கள். அந்தச் சிறு பகுதியில் ஓட்டமும் நாணலும் திரும்பியிருக்கின்றன.

3. சவாரோ கள்ளியை அவசரமாகக் காட்டாதீர்கள். இதற்கு ஒரு முழுக் காலை வேண்டும். கௌபாய் படத்தில் எல்லாப் பாலைவனத்திலும் இதை நட்டுவைத்திருப்பார்கள். உண்மையில் இது சோனோரப் பாலைவனத்தில் மட்டும்தான் வளரும். லாஸ் வேகஸில் இல்லை, டெக்சாஸிலும் இல்லை. டூசானின் கிழக்கிலும் மேற்கிலுமாக இரண்டு பகுதிகளாக இருக்கும் சவாரோ தேசியப் பூங்காவுக்கே கூட்டிப் போங்கள். 1933-இல் பாதுகாக்கப்பட்ட இடம், 1994-இல் தேசியப் பூங்கா ஆனது.

ஒரு முள்மரத்தின் அடியில் குனிந்து குட்டிச் சவாரோவைத் தேடச் சொல்லுங்கள். விரல் நுனி அளவு இருக்கும். முதல் எட்டு ஆண்டில் ஒன்றரை அங்குலம்தான் வளரும். வெயிலிலிருந்தும் உறைபனியிலிருந்தும் அதைக் காப்பது மேலே நிற்கும் மரம். செவிலித்தாய் மரம் என்றே சொல்லலாம். பூக்க முப்பத்தைந்து வயதாகும். முதல் கை முளைக்க ஐம்பது முதல் எழுபத்தைந்து வயது, மழை குறைந்த இடத்தில் நூறும் ஆகலாம். ஐந்தாறு கையோடு நாற்பதடி உயரத்தில் நிற்கும் ஒன்றைக் காட்டி, "இது முளைக்கும்போது இந்த இடம் மெக்சிகோவாக இருந்திருக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். அப்பா தொப்பியைக் கழற்றுவார்.

அதன் உடம்பில் நெடுக ஓடும் மடிப்புகளையும் தொடாமல் கவனிக்கச் சொல்லுங்கள். மழை பெய்ததும் ஆர்மோனியத் துருத்தி போல விரிந்து நீரை வாங்கிக்கொள்ளும், வறட்சியில் சுருங்கும். வேர் ஆழமாகப் போவதில்லை. மேலாகவே, தன் உயரத்துக்குச் சமமான தூரம் சுற்றிலும் பரவியிருக்கும், சிறு தூறலையும் விடாமல் பிடிக்க. மே மாதம் இரவில் பூக்கும், மறுநாள் பிற்பகலுக்குள் வாடிவிடும். அதற்குள் வௌவாலும் புறாவும் தேனீயும் வந்து போயாக வேண்டும். தண்டில் தெரியும் ஓட்டைகள் மரங்கொத்தி குடைந்தவை. அது காலி செய்தபின் உள்ளே குட்டி ஆந்தை குடியிருக்கும்.

இந்த மண்ணின் பூர்வகுடிகளான தொஹோனோ ஓதம் மக்கள் சவாரோவைத் தங்களைப் போன்ற ஓர் உயிராகவே மதிக்கிறார்கள். ஜூன் கடைசியில், செத்த சவாரோவின் விலா எலும்புகளை நீளமாகக் கட்டித் துறட்டி செய்து பழம் பறிப்பார்கள். பழச்சாற்றைப் புளிக்க வைத்து, மழையை அழைக்கும் சடங்கில் குடிப்பார்கள். அவர்களுக்கு ஆண்டு பிறப்பதே அப்போதுதான்.

4. கைக்கு ஒரு சீப்பு எடுத்துப் போங்கள். தலை வாருவதற்கு அல்ல. 'குதிக்கும் சோயா' என்ற கள்ளியின் துண்டு லேசாக உரசினாலே காலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். சீப்பைக் கொடுத்து வெடுக்கென்று தள்ளிவிட வேண்டும். ரப்பர் செருப்போடு நடக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பி ஷூ போட்டு வரச் சொல்லுங்கள், மாமனாராக இருந்தாலும்.

5. மழையைக் காட்டுங்கள். இதுதான் இந்த ஊரின் பெரிய விழா. சென்னையில் ஒரு ஆண்டில் பெய்வதில் ஐந்தில் ஒரு பங்குதான் இங்கே பெய்கிறது, சுமார் 11 அங்குலம். ஆனால் அது இரண்டு பருவமாக வருகிறது. குளிர்காலத்தில் பசிபிக் பக்கமிருந்து வரும் மெல்லிய மழை நாள் முழுக்கத் தூறும். ஏறக்குறைய பாதி மழை கோடையில், மான்சூன் என்றே எல்லோரும் சொல்லும் பருவத்தில் வருகிறது. ஜூன் வெயிலில் நிலம் கொதிக்க, காற்றின் திசை மாறி, கலிபோர்னியா வளைகுடாவிலிருந்தும் மெக்சிகோ வளைகுடாவிலிருந்தும் ஈரத்தை இழுத்து வருகிறது. நம் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு உள்ள அதே காரணம்தான், அளவுதான் சிறியது.

காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். நண்பகலில் கட்டாலினா மலை மேல் வெள்ளை மேகம் எழும்பும். மூன்று மணிக்கு அதன் அடி கறுக்கும். ஐந்து மணிக்கு மின்னலும் தூசிக் காற்றும். பிறகு நாற்பது நிமிடம் கொட்டித் தீர்த்துவிட்டு நின்றுவிடும். தெருவின் இந்தப் பக்கம் வெள்ளம், அந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை என்பதும் நடக்கும். மழைக்குச் சற்று முன்னால் கிரியோசோட் புதரிலிருந்து ஒரு வாசம் வரும். இந்த ஊர்க்காரர்களை வேறு ஊரில் ஏங்க வைப்பது அந்த வாசம்தான். வாசலில் நாற்காலி போட்டு அம்மா அப்பாவை உட்கார வையுங்கள், போதும். டிக்கெட் வேண்டாம், கார் வேண்டாம்.

பழைய குடும்பங்கள் மழையை ஜூன் 24, புனித ஜான் திருநாளிலிருந்து எதிர்பார்ப்பார்கள். வானிலைத் துறை 2008 முதல் ஜூன் 15 தொடங்கி செப்டம்பர் 30 வரை என்று நாள் குறித்துவிட்டது. பெரும்பாலும் மேகம் ஜூலை முதல் வாரத்தில்தான் வருகிறது. எந்த அட்டவணைக்கும் அது கட்டுப்படாது.

6. மழை நேரத்தில் சாலையின் குறுக்கே தண்ணீர் ஓடினால் காரை நிறுத்திவிடுங்கள். நம் ஊர்க் காட்டாறு போன்ற வறண்ட ஓடைகளை இங்கே 'வாஷ்' என்பார்கள். மழை எங்கோ மலையில் பெய்திருக்கும், வெள்ளம் இங்கே வரும். தடுப்புக் கட்டையைத் தாண்டி ஓட்டி மாட்டிக்கொண்டால், மீட்கும் செலவை ஓட்டியவர் தலையில் கட்டும் சட்டம் அரிசோனாவில் உண்டு. மக்கள் அதை 'முட்டாள் ஓட்டுநர் சட்டம்' என்றே அழைக்கிறார்கள். பெயர் பொருத்தமானது.

7. வரலாற்றை கௌபாயிலிருந்து தொடங்காதீர்கள். அது கடைசி அத்தியாயத்தில் ஒரு பக்கம். சாண்டா குரூஸ் பள்ளத்தாக்கில் மக்காச்சோள வேளாண்மைக்கு நாலாயிரம் ஆண்டு வயது. மூவாயிரம் ஆண்டுக்கு முன்பே வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்திருக்கிறார்கள். பின்னர் ஹோஹோகம் மக்கள். அவர்களையே ஓதம் மக்கள் தங்கள் முன்னோராகக் கொள்கிறார்கள். இத்தாலியில் பிறந்த ஏசு சபைப் பாதிரியார் எவுசேபியோ கீனோ 1692-இல் வந்தபோது அவர் கண்டது பொட்டலை அல்ல, வயல்களோடு இருந்த ஊர்களை.

1775 ஆகஸ்ட் 20 அன்று ஸ்பானிய மன்னருக்காக இங்கே கோட்டை அமைக்க இடம் குறித்தவர் ஹ்யூகோ ஓ'கானர், ஓர் அயர்லாந்துக்காரர். பச்சை மண் கற்களால் கட்டிய கோட்டை அது. நகரின் பிறந்தநாளாக இன்றும் அந்தத் தேதிதான். 1821-இல் மெக்சிகோ விடுதலை பெற, ஊர் மெக்சிகோவானது. ரயில்பாதைக்கு நிலம் தேவைப்பட்டதால் அமெரிக்கா ஒரு கோடி டாலர் கொடுத்து இந்தத் தெற்குப் பகுதியை வாங்கியது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1853 டிசம்பரில். வீட்டை விட்டு ஓர் அடி நகராமலே இங்கிருந்தவர்கள் நாடு மாறினார்கள். ஓதம் மக்களின் நிலத்தை அந்தப் புது எல்லைக்கோடு இரண்டாக வெட்டியது, இன்றும் உறவினர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். ரயில் 1880 மார்ச்சில் வந்தது. அதன் பின்புதான் செங்கல், தகரக்கூரை, வெளியூர்க்காரர்கள் எல்லாம்.

இதைச் சொல்ல நல்ல இடம் நகருக்கு நடுவே இருக்கும் பாரியோ வியேஹோ. தடித்த மண்சுவர், தெருவை ஒட்டிய வாசல், நீலமும் மஞ்சளுமாக அடித்த வீடுகள். பார்க்க அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துவிட்டுப் போகாதீர்கள். 1960-களின் கடைசியில் மாநாட்டு அரங்கம் கட்டுவதற்காக இதையொட்டிய சுமார் 80 ஏக்கர் குடியிருப்பை இடித்துத் தள்ளினார்கள். மெக்சிக வம்சாவளியினரும் சீனர்களும் கறுப்பினத்தவரும் சேர்ந்து வாழ்ந்த தெருக்கள் அவை. நிற்பது மிச்சம் மட்டும்.

8. சான் சேவியர் தேவாலயத்துக்குப் போகும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். ஊருக்குத் தெற்கே, ஓதம் மக்களின் நிலத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கும் இந்தக் கோயிலை 1783 முதல் 1797 வரை கட்டினார்கள். இரண்டு கோபுரங்களில் ஒன்று முடிக்கப்படாமலே நிற்கிறது. காட்சிக்கூடம் என்று நினைக்க வேண்டாம். இன்றும் அங்கே திருமணமும் இறுதிச் சடங்கும் நடக்கும். வேளாங்கண்ணிக்குப் போய்ப் பழகிய நம் பெரியவர்களுக்கு அங்கே மக்கள் செலுத்தும் நேர்த்திக்கடன் புரியும், அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கே போகும் 19-ஆம் எண் நெடுஞ்சாலையில் தூரப் பலகைகள் கிலோமீட்டரில் இருக்கும். அமெரிக்காவில் அரிதாகவே காணக் கிடைக்கும் காட்சி.

9. லெம்மன் மலைக்கு ஒரு நாள். சுமார் 9,150 அடி உயரம். 1881-இல் இதில் ஏறிய தாவரவியலாளர் சாரா பிளம்மர் லெம்மனின் பெயர். அடிவாரத்தில் சவாரோ, ஒரு மணி நேரத்தில் உச்சியில் பைன் காடு. கீழே 40 டிகிரி என்றால் மேலே 25. மேகம் மலையில் முட்டி ஏறும்போது குளிர்ந்து மழையாவதால் மேலே ஈரம் அதிகம். அதனால் பாலைவனக் கடலில் காடுகள் தீவு தீவாக நிற்கின்றன. 2003-இலும் 2020-இலும் பெரும் காட்டுத்தீ பிடித்தது. 2003-இல் உச்சியிலிருந்த குடியிருப்பில் பெரும்பாலான வீடுகள் சாம்பலாயின. எரிந்த மரங்கள் இன்னும் நிற்கும், அவற்றையும் காட்டுங்கள்.

ஏறும் வழியில் ஒரு பழைய முகாமில் நிறுத்துங்கள். இந்தச் சாலையைப் போட்டவர்கள் சிறைக் கைதிகள். அவர்களில் ஒருவர் கார்டன் ஹிராபயாஷி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை முகாமில் அடைத்தபோது அந்த உத்தரவுக்கு அடங்க மறுத்த மாணவர். தண்டனை உறுதியானதும், கூட்டிப்போக அரசிடம் பணமில்லை என்றதால், வழியில் போகிற வண்டிகளில் ஏறித் தானாகவே இங்கே வந்து சேர்ந்தார். வந்தால், அவருடைய காகிதங்களே கிடைக்கவில்லை. சினிமா பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். 1987-இல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. முகாமுக்கு இப்போது அவர் பெயர்.

10. மரங்களையும் புல்லையும் பார்த்து நம்மவர்கள் சொல்வதைத் திருத்துங்கள். மெஸ்கீட் மரத்தைக் கண்டதும் "அட, நம்ம சீமைக் கருவேலம்! இங்கேயும் வந்துடுச்சா" என்பார்கள். இது அதன் பங்காளி, ஆனால் இங்கே பிறந்த மரம். காயை இடித்து மாவாக்கித் தின்றே தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. நம் கண்மாய்களைச் சீமைக் கருவேலம் அங்கே கெடுப்பதற்குக் காரணம், அதைக் கொண்டுபோய் விட்டவர்கள்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் உண்டு. காங்கேயம் பக்கத்துக்காரர் யாராவது வந்தால் சாலையோரப் புல்லைக் காட்டுங்கள். "கொழுக்கட்டைப் புல்லுங்க" என்று சட்டென்று சொல்லிவிடுவார். கொங்கு நாட்டின் கொரங்காட்டில் மாடு வளர்க்கும் அதே நல்ல புல். மாட்டுத் தீவனத்துக்கும் மண்ணரிப்பைத் தடுக்கவும் 1930-களில் அரிசோனாவுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே அது வில்லன். இந்தப் பாலைவனத்தில் செடிக்கும் செடிக்கும் நடுவே வெறும் தரை இருந்ததால் தீ பரவ வழியில்லாமல் இருந்தது. சவாரோவுக்குத் தீயைத் தாங்கத் தெரியாது. அந்த இடைவெளியை இந்தப் புல் நிரப்பி, காய்ந்து, தீக்குப் பாதை போடுகிறது. வார இறுதிகளில் தன்னார்வலர்கள் கடப்பாரையோடு போய் வேரோடு பிடுங்குகிறார்கள். கைப்பழக்கம் உள்ள மாமாக்களை அழைத்துப் போங்கள்.

11. சாப்பாட்டையும் காட்டுங்கள். 2015-இல் யுனெஸ்கோ இந்த ஊரை உணவுப் படைப்பாற்றல் நகரமாக அறிவித்தது, அமெரிக்காவில் முதன்முதலாக. காரணம் ஆடம்பர உணவகங்கள் அல்ல, விட்டுப்போகாத பழைய பயிர்கள். டெப்பரி அவரை ஒன்றிரண்டு மழையிலேயே விளையும். சில்டெபின் என்ற காட்டு மிளகாய் பட்டாணி அளவுதான், காரம் நம் காந்தாரி ரகம். சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், கேட்டுவிட்டுத் தட்டை வாங்குங்கள்.

12. "இத்தனை பேருக்குத் தண்ணீர் எங்கிருந்து?" என்று யாராவது கேட்டே தீருவார்கள். மழுப்பாதீர்கள். கொலராடோ ஆற்றிலிருந்து 540 கிலோமீட்டர் கால்வாயில் மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 1992-இல் முதலில் வீடுகளுக்கு விட்டபோது, பழைய இரும்புக் குழாய்த் துரு கரைந்து குழாயில் பழுப்புத் தண்ணீர் வந்தது. மக்கள் கொதித்தார்கள். இப்போது அந்த நீரை மேற்கே அவ்ரா பள்ளத்தாக்கில் தரைக்குள் இறக்கி, நிலத்தடி நீரோடு கலந்து எடுக்கிறார்கள். 2021-இல் அந்த ஆற்றுக்கு முதல்முறையாக அதிகாரபூர்வமான பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு அரிசோனாவின் பங்கு ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக வெட்டப்பட்டது. தெருவோரக் கல்லை வெட்டி மழைநீரை மரத்தடிக்குத் திருப்பியிருப்பதைக் காட்டுங்கள். தமிழ்நாட்டில் 2003-இல் வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி கட்டியவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது, குறையும் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

13. எந்த மாதம் வரச் சொல்வது? எல்லோரும் பிப்ரவரி என்பார்கள். வெயில் இதமாக இருக்கும், மார்ச்சில் பாலைவனப் பூக்களும் கிடைக்கலாம். இதய நோய் உள்ளவர்களுக்கும் நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் அதுவே சரி. மற்றவர்களுக்கு என் வாக்கு ஜூலைக்கு. டிக்கெட்டை ஜூலை முதல் வாரத்துக்கு எடுங்கள், ஒரு மாதமாவது தங்க வையுங்கள். மழையைப் பார்க்காதவர் டூசானைப் பார்க்கவில்லை.